முயலைத் திருப்பிப் பார்த்தீர்களா?

பொறியியல் படிக்கிற ஒருவன் முயல் வளர்ப்பைப் பற்றிப் பாடம் எழுதுவதா என்று சிலர் சிரிக்கலாம். சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் வீட்டில் முயல் வளர்ப்பவர்களும், வளர்க்க ஆசைப்படும் தம்பி தங்கைகளும் இதைக் கடைசி வரை படித்துவிடுங்கள். ஒரு முயலைப் பறிகொடுத்த பிறகுதான் நான் இதைக் கற்றுக்கொண்டேன். நீங்கள் அப்படிக் கற்றுக்கொள்ள வேண்டாம்.

சுண்டலும் நான் கட்டிய கூண்டும்

எங்கள் வீடு தைப்பிங்கில். தீபகற்ப மலேசியாவிலேயே அதிகமாக மழை பெய்யும் ஊர் என்று பெயர் வாங்கிய ஊர். நான் படிப்பது வேறு மாநிலத்தில். பஸ்ஸில் நாலு மணி நேரம். முதலாண்டு முடிந்து விடுமுறைக்கு வந்தபோது, பாசார் மாலாமில் 40 வெள்ளி கொடுத்து என் தங்கச்சிக்கு ஒரு வெள்ளை முயல் வாங்கினேன். பிறந்தநாள் பரிசு. அவள் அதற்குச் சுண்டல் என்று பெயர் வைத்தாள்.

கூண்டு கடையில் வாங்க எனக்கு மனசில்லை. நான் மெக்கானிக்கல் மாணவன் ஆயிற்றே! பிளைவுட் வாங்கி, அளந்து, அறுத்து, மூன்று நாளில் நானே கட்டினேன். இரண்டு மாடி, ஏணி, கூரை எல்லாம் உண்டு. கார் போர்ச்சில், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் வைத்தோம். அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, கெட்டிக்காரன்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

விடுமுறை முடிந்து நான் கிளம்பிவிட்டேன். அப்பா அம்மா வேலைக்குப் போய்விடுவார்கள். தங்கச்சிக்குப் பள்ளிக்கூடம், டியூஷன். சுண்டலைப் பார்த்துக்கொண்டது பாட்டிதான்.

அந்த வருடம் தீபாவளிக்கு முந்தைய வாரம், செவ்வாய்க்கிழமை ராத்திரி பாட்டி போன் செய்தார்.

"ஏம்ப்பா, சுண்டல் ஒரு மாதிரியா மூலையிலயே ஒக்காந்திருக்கு. சாப்பாடும் சரியா எடுக்கல."

மறுநாள் காலையில் எனக்கு அசைன்மெண்ட் கொடுக்க வேண்டும். மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னேன்.

"வெயில் பாட்டி. வேற ஒண்ணும் இல்ல. போத்தல்ல தண்ணி ஊத்தி ஐஸ் ஆக்கி உள்ள வைங்க. சரியாப் போயிடும்."

பாட்டி நான் சொன்னதை அப்படியே செய்தார். பேரன் யூனிவர்சிட்டியில் படிக்கிறவன், அவனுக்குத் தெரியும் என்று நம்பினார்.

வியாழக்கிழமை மாலை நான் வீட்டுக்கு வந்தேன். கேட்டைத் திறக்கும்போதே ஒரு வாடை. குப்பை என்று நினைத்தேன். கூண்டின் கதவைத் திறந்து சுண்டலைத் தூக்கித் திருப்பியபோதுதான் தெரிந்தது. வாலைச் சுற்றி முடியெல்லாம் ஈரம். அதற்கு அடியில் தோல் இருந்த இடத்தில் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. முயலுக்கு உயிர் இருந்தது. என்னைப் பார்த்தது.

அன்றைக்கே கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். மருத்துவர் முடியை வழித்துப் பார்த்தார். புழுக்கள் தோலைத் தாண்டி உள்ளே போய்விட்டன. இனி வைத்தியம் செய்வது அதற்கு வேதனையை நீட்டிப்பதுதான் என்றார். ஊசி போட்டுத் தூங்க வைத்தார்கள். தங்கச்சி காடியிலேயே உட்கார்ந்து அழுதாள். அந்தத் தீபாவளிக்கு அவள் புதுத்துணி உடுத்தவில்லை. பாட்டி மட்டும், "நான் பாக்காம விட்டுட்டேன், நான் பாக்காம விட்டுட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

பாட்டி பார்த்தார். பார்த்து எனக்குச் சொன்னார். காதில் வாங்காதவன் நான்தான்.

என்ன நடந்தது?

இந்த நோய்க்கு ஆங்கிலத்தில் ஃபிளைஸ்டிரைக் என்று பெயர். மருத்துவர்கள் மையாசிஸ் என்பார்கள். நம்ம தமிழில் ஈப்புழுத் தாக்குதல் என்று வைத்துக்கொள்வோம். உயிரோடு இருக்கும் பிராணியின் மேல் ஈ முட்டையிட்டு, பொரித்த புழுக்கள் அந்தப் பிராணியின் சதையையே தின்பதுதான் இது. கேட்கவே கஷ்டமாக இருக்கும். ஆனால் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் எங்கே தடுக்கலாம் என்று புரியும்.

நம் வீட்டுப் பக்கம் பச்சையாக, நீலமாக மினுமினுக்கும் ஈக்களைப் பார்த்திருப்பீர்கள். குப்பையிலும் மீன் கழிவிலும் மொய்க்கும். லூசிலியா, கிரைசோமியா என்ற இரண்டு பேரினங்கள் நம் நாட்டில் நிறைய. இவற்றில் பெண் ஈ, தன் குஞ்சுகளுக்குச் சாப்பாடு கிடைக்கும் இடமாகத் தேடி முட்டையிடும். மூத்திரத்தில் நனைந்த முடி, மலம் ஒட்டிய வால், சீழ் வைத்த புண், இந்த வாடை எல்லாம் அதற்கு அழைப்பிதழ் மாதிரி.

ஒரு தடவையில் சுமார் 200 முட்டை வரை இடும். ஒவ்வொன்றும் 1 மில்லிமீட்டர் அளவுதான். வெளுத்த மஞ்சளாக, ரவையைக் கொட்டி ஒட்ட வைத்த மாதிரி கொத்துக் கொத்தாக இருக்கும். சூடும் ஈரமும் இருந்தால் ஒரு நாளுக்குள், சில சமயம் அரை நாளுக்குள்ளேயே பொரித்துவிடும். வரும் புழுக்கள் வாயில் இருக்கும் கொக்கியால் தோலைச் சுரண்டும். எச்சில் மாதிரி ஒரு திரவத்தை விட்டுச் சதையைக் கரைத்து உறிஞ்சும். காயம் பெரிதாகும். அந்த வாடைக்கு இன்னும் ஈக்கள் வரும், இன்னும் முட்டையிடும். ஒரு பக்கம் கிருமித் தொற்று, இன்னொரு பக்கம் உடம்பிலிருந்து நீர் வெளியேறுவது. முயல் அதிர்ச்சி நிலைக்குப் போய்விடும். ஒன்றிரண்டு நாளில் எல்லாம் முடிந்துவிடலாம்.

திருகுப்புழு ஈ என்று இன்னொரு வகையும் நம் நாட்டில் உண்டு. கிரைசோமியா பெசியானா என்பது அதன் அறிவியல் பெயர். மாடு, ஆடு வளர்ப்பவர்களுக்கு இதன் தொல்லை தெரிந்திருக்கும். இதற்கு அழுக்குகூடத் தேவையில்லை. உயிருள்ள பிராணியின் உடம்பில் ஒரு சின்னப் புண் இருந்தால் போதும், ஓர் உண்ணி கடித்த இடம்கூடப் போதும், அங்கே முட்டையிடும். ஆகவே, "எங்கள் முயல் சுத்தமாகத்தான் இருக்கு" என்று சொல்லி நாம் சும்மா இருந்துவிட முடியாது. இரண்டு முயல் சண்டை போட்டுக் கடித்துக்கொண்டாலும் அன்றிலிருந்து அந்தக் காயத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். இங்கிலாந்தில் எழுதப்பட்ட முயல் வளர்ப்புக் குறிப்புகளைப் படித்தால், கோடைக்காலத்தில் கவனமாக இருங்கள் என்று இருக்கும். அங்கே ஈக்கு அதுதான் காலம். நமக்கு ஏது கோடை, ஏது குளிர்? ஜனவரியிலும் சூடு, ஜூலையிலும் சூடு. நமக்கு வருடம் 12 மாதமும் ஈக்காலம்தான். அதிலும் தீபாவளிச் சமயத்து மழையில் எதுவும் சீக்கிரம் காயாது.

முயல் ஏன் அழுக்காகிறது?

முயல் இயல்பிலேயே சுத்தமான பிராணி. பூனை மாதிரி தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். அது அழுக்காக இருந்தால் அதனால் சுத்தம் செய்ய முடியவில்லை என்று அர்த்தம். ஏன் முடியவில்லை என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

முதல் காரணம் சாப்பாடு. முயல் இரண்டு விதமாகக் கழிக்கும். ஒன்று, நாம் கூண்டில் பார்க்கும் காய்ந்த உருண்டைப் புழுக்கை. இன்னொன்று, மெத்தென்று சின்னத் திராட்சைக் குலை மாதிரி இருக்கும். அதில் சத்து நிறைய. முயல் குனிந்து அதை நேராக வாயில் எடுத்துத் தின்றுவிடும். இது நோய் இல்லை, அதன் செரிமானமே அப்படித்தான். ஆனால் பெல்லட், பிஸ்கட், வாழைப்பழம், கேரட் என்று மாவும் இனிப்பும் அதிகமாகக் கொடுத்தால் இந்த மெத்தென்ற மலம் கூழாகிவிடும். முயல் தின்னாமல் விட்டுவிடும். அது வாலடியில் ஒட்டிக் காயும். சுண்டலுக்கு நாங்கள் தினமும் ஒரு கிண்ணம் நிறைய பெல்லட்டும், ஆசைக்கு ஒரு துண்டு வாழைப்பழமும் கொடுத்துக்கொண்டிருந்தோம். அன்புதான். ஆனால் தப்பான அன்பு.

இரண்டாவது, உடல் பருமன். குண்டான முயலுக்குத் தலையைத் திருப்பித் தன் பின்பக்கத்தை எட்ட முடியாது. தோல் மடிப்புகளிலும் ஈரம் தங்கும்.

மூன்றாவது, பல். முயலின் பல் வாழ்நாள் முழுக்க வளரும். முன்பற்கள் வாரத்துக்குச் சுமார் 2 முதல் 3 மில்லிமீட்டர் வளரும். காய்ந்த புல்லை மென்று மென்றுதான் அது தேயும். புல் கிடைக்காத முயலுக்குக் கடைவாய்ப்பல் கூராகி நாக்கையும் கன்னத்தையும் குத்தும். வலியில் சாப்பிடவும் முடியாது, நக்கிச் சுத்தம் செய்யவும் முடியாது.

நான்காவது, வயதும் மூட்டுவலியும். வயசான முயல் குனிய முடியாமல் தன் மூத்திரத்திலேயே உட்கார்ந்துவிடும்.

ஐந்தாவது, கூண்டு. இதற்குத் தனியாக ஒரு பகுதி எழுத வேண்டும், ஏனென்றால் இது என் குற்றப்பத்திரிகை.

என் கூண்டில் இருந்த நாலு தப்பு

சுண்டல் போன பிறகு அந்தக் கூண்டின் முன்னால் உட்கார்ந்து, லேப்பில் உடைந்துபோன ஒரு பாகத்தை ஆராய்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

ஒன்று, தரை. வெறும் பிளைவுட். மூத்திரம் வடிய வழியில்லை. மரம் உறிஞ்சிக்கொண்டு எப்போதும் ஈரமாக இருந்தது. மேலே துடைத்தாலும் உள்ளே வாடை போகாது.

இரண்டு, இடம். குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். ஈக்குப் பசியாற ஓரிடம், முட்டையிடப் பக்கத்திலேயே இன்னோரிடம்.

மூன்று, வலை. கோழிக்கூண்டுக் கம்பி வலை போட்டேன். பூனை வராது. ஆனால் ஈக்கு அது திறந்த வாசல்.

நான்கு, கதவு. இதுதான் பெரிய தப்பு. கூண்டு தரையோடு தரையாக இருந்தது, கதவு சின்னது. முயலை வெளியே எடுக்க வேண்டுமானால் முட்டி போட்டுக் கையை உள்ளே விட வேண்டும். பாட்டிக்கு 70 வயதுக்கு மேல். முட்டிவலி. சாப்பாடு வைக்கலாம், தண்ணீர் ஊற்றலாம். முயலைத் தூக்கித் திருப்பிப் பார்க்க அவரால் முடியவே முடியாது. அதாவது யார் பார்த்துக்கொள்ளப் போகிறாரோ அவரை நினைக்காமலே நான் கூண்டு கட்டியிருக்கிறேன். ஏணியும் இரண்டாம் மாடியும் பார்க்கிறவர்களுக்காக. பாட்டிக்காக ஒன்றுமே இல்லை.

ஒரு நாளைக்கு ஏன் இரண்டு தடவை?

இரண்டாம் ஆண்டில் இயந்திரப் பராமரிப்பைப் பற்றிப் படிக்கும்போது ஒரு விஷயம் வந்தது. ஒரு பேரிங் பழுதாகப் போகிறது என்றால் அது திடீரென்று நிற்காது. முதலில் லேசாக அதிரும், பிறகு சூடாகும், பிறகு சத்தம் வரும், அப்புறம்தான் நிற்கும். பழுதின் முதல் அடையாளம் தெரிவதற்கும் இயந்திரம் நின்று போவதற்கும் நடுவே உள்ள காலத்தை பி-எஃப் இடைவெளி என்பார்கள். நாம் சோதிக்கும் இடைவெளி அதைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். பொதுவாக அதில் பாதி. அப்போதுதான் பழுது நம் கண்ணில் படாமல் தப்பாது.

வகுப்பில் உட்கார்ந்திருந்த எனக்குச் சுண்டல் ஞாபகம்தான் வந்தது. முட்டை பொரிக்கச் சுமார் ஒரு நாள், வேகமாக இருந்தால் அரை நாள். அதில் பாதி என்ன? ஒரு நாளைக்கு ஒரு தடவை பார்த்தால் போதாது. குறைந்தது இரண்டு தடவை. ஈக்கள் பெரும்பாலும் பகலில்தான் முட்டையிடும். ஆகவே மாலை 7 மணிக்கு ஒரு சோதனை, அன்றைக்கு இட்ட முட்டையைப் பிடிக்க. காலை 7 மணிக்கு ஒரு சோதனை, மாலையில் தப்பியதைப் பிடிக்க. முட்டையாக இருக்கும்போதே பிடித்துவிட்டால் அது சீப்பால் வாரி எடுக்கிற வேலைதான். புழுவான பிறகு அது உயிர்ப் போராட்டம்.

முயல் தன் வலியைக் காட்டாது. காட்டில் அது இரையாகும் பிராணி. பலவீனத்தைக் காட்டினால் நரிக்குத் தெரிந்துவிடும். அதனால் முயல் கத்தட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கக் கூடாது. "ஒரு மாதிரியா ஒக்காந்திருக்கு" என்பதுதான் முயல் போடும் பெரிய கூச்சல்.

இரண்டு நிமிடச் சோதனை

முயலை மேசை மேல், வழுக்காத துண்டு விரித்து, நல்ல வெளிச்சத்தில் வையுங்கள். மல்லாக்காகப் போட வேண்டாம். ஒருவர் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு பின்பக்கத்தை லேசாகத் தூக்கினால் போதும். முதுகையும் பின்கால்களையும் எப்போதும் தாங்கிப் பிடியுங்கள். உதைத்துத் திமிறினால் முதுகெலும்பே முறிந்துவிடலாம்.

1. வாலடியையும் அதைச் சுற்றியுள்ள முடியையும் விலக்கிப் பாருங்கள். ஈரம், ஒட்டிய மலம், ரவை மாதிரிக் கொத்து, அசைவு ஏதாவது உண்டா?
2. வயிறு, தொடை இடுக்கு, கழுத்துக்குக் கீழ் தோல் மடிப்பு. விரலால் தடவுங்கள். ஈரம் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும்.
3. உடம்பு முழுக்கத் தடவிப் புண், கீறல், பொருக்கு உண்டா என்று பாருங்கள்.
4. மோந்து பாருங்கள். சுத்தமான முயலுக்கு வாடை இருக்காது.
5. நேற்று வைத்த சாப்பாடு தீர்ந்ததா? புழுக்கை வழக்கம்போல் இருக்கிறதா? அரை நாளாகச் சாப்பிடாத முயல், புழு இல்லாவிட்டாலும், மருத்துவரிடம் போக வேண்டிய முயல்.

தடுக்கும் வழிகள்

சாப்பாட்டில் பெரும் பங்கு காய்ந்த புல்லாக இருக்கட்டும். கடையில் திமோத்தி புல் கிடைக்கும். முயலின் உடம்பு அளவுக்கு ஒரு குவியல், தினமும். கூடவே கொத்தமல்லி மாதிரிக் கீரை கொஞ்சம். கங்கோங் மாதிரித் தண்ணீர்க் கீரையை மட்டும் அள்ளிப் போடாதீர்கள். பெல்லட், 1 கிலோ எடையுள்ள முயலுக்கு ஒரு நாளைக்கு 25 கிராமைத் தாண்ட வேண்டாம். பழம் எப்போதாவது ஒரு விரல்நுனி அளவு. சாப்பாட்டை மாற்றுவதாக இருந்தால் ஒரே நாளில் மாற்றாமல் ஒன்றிரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

நனைந்த விரிப்பைத் தினமும் மாற்றுங்கள். மூத்திரக் கறைக்கு வினிகர் நல்லது. கழுவினால் நன்றாகக் காய வைத்த பிறகே முயலை உள்ளே விடுங்கள். தரையில் வெறும் கம்பி வலை போடாதீர்கள், கால் புண்ணாகும். அந்தப் புண்ணும் ஈக்கு வாசல்.

முடிந்தால் வீட்டுக்குள்ளே வளருங்கள். வெளியே என்றால் கொசுவலை அளவுக்குச் சின்னக் கண் உள்ள வலை போடுங்கள். குப்பைத் தொட்டி, சாக்கடை, நாய்ப்பூனைச் சாப்பாட்டுத் தட்டு இவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். ஒரு காற்றாடி ஓடினால் ஈ உட்காருவது குறையும், முயலுக்கும் சூடு தணியும்.

முயலைக் குளிப்பாட்டாதீர்கள். பயத்திலும் குளிரிலும் அது அதிர்ச்சியாகிவிடும், அடர்ந்த முடி சீக்கிரம் காயவும் காயாது. அழுக்கான இடத்தை மட்டும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்து, முழுசாகக் காய வையுங்கள்.

புழுவைக் கண்டுவிட்டால்

இது அவசரம். நாளைக்குப் பார்க்கலாம், சனிக்கிழமை போகலாம் என்பது கிடையாது. உடனே மருத்துவரைக் கூப்பிட்டு, "முயல், உடம்பில் புழு" என்று சொல்லுங்கள். எல்லாக் கிளினிக்கிலும் முயல் பார்க்க மாட்டார்கள். உங்கள் ஊரில் முயல் பார்ப்பவர் யார், ராத்திரியில் திறந்திருப்பது எது என்று இன்றைக்கே விசாரித்து, எண்ணைக் கைப்பேசியில் சேர்த்து வையுங்கள்.

போகும் வழி தூரம் என்றால், மேலே தெரியும் புழுக்களை மட்டும் சாமணத்தால் எடுங்கள். உள்ளே குத்தித் தோண்டாதீர்கள். தொட்டியில் முக்காதீர்கள். காய்ந்த துண்டில் சுற்றிக் கொண்டுபோங்கள்.

நம் வீடுகளில் நாய், மாட்டுக்குப் புண்ணில் புழு வைத்தால் மண்ணெண்ணெய் ஊற்றுவார்கள், கற்பூரம் வைப்பார்கள். முயலுக்கு வேண்டவே வேண்டாம். அதன் தோல் மிக மெல்லியது. மேலே எதைத் தடவினாலும் அது நக்கிவிடும். டர்பன்டைன், கிருமிநாசினி, ஈ மருந்து ஸ்பிரே எதுவும் கூடாது. நாய்க்கு உண்ணி போகப் போடும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் ஃபிப்ரோனில் இருக்கும். அது முயலுக்கு விஷம். நாய்க்கு நல்லது முயலுக்கும் நல்லது என்று நினைத்துப் போட்டுவிடாதீர்கள்.

மருத்துவர் முடியை வழித்து, புழுவை எடுத்து, வலிக்கும் தொற்றுக்கும் மருந்து கொடுத்து, உடம்புக்கு நீர் ஏற்றுவார். சீக்கிரம் கொண்டுபோனால் பிழைக்கும் முயல்கள் உண்டு. பிழைத்த பிறகு ஏன் வந்தது என்று கேளுங்கள். காரணத்தைச் சரிசெய்யாவிட்டால் மறுபடியும் வரும்.

நம் நாட்டின் விலங்கு நலச் சட்டம் 2015, வளர்க்கும் பிராணியை வலி, காயம், நோய் இவற்றிலிருந்து காப்பது உரிமையாளரின் கடமை என்கிறது. பரிசாக வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனால் கடமை முடிந்துவிடாது என்று இதை நான் புரிந்துகொண்டேன்.

புட்டு

ஒரு வருடம் கழித்து, வீடு மாறிப் போகிற உறவினர் ஒருவர் தன் முயலை வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன். தங்கச்சி ஒன்றும் சொல்லவில்லை. பாட்டிதான், "கொண்டா, நான் பாத்துக்கறேன். இந்தத் தடவ கூண்ட நான் சொல்ற மாதிரி கட்டு" என்றார்.

கட்டினேன். அடுக்களைக்குப் பக்கத்தில், பாட்டியின் இடுப்பு உயரத்துக்கு. முன்பக்கம் முழுவதும் திறக்கும். கொசுவலைக் கதவு. தரையில் வழித்துக் கழுவக்கூடிய தட்டு, அதன் மேல் புல்பாய். ஏணி இல்லை, மாடி இல்லை. பார்க்க ரொம்ப சாதாரணம். புதுமுயலுக்குப் புட்டு என்று பெயர்.

பாட்டி காலையும் மாலையும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, டார்ச் அடித்துப் பார்ப்பார். நாள்காட்டியில் ஒரு கோடு போடுவார். காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று.

போன மார்ச் மாதம் ஒரு மாலை, நான் வீட்டில் இருந்தபோது கூப்பிட்டார்.

"இங்க வந்து பாரு. வால்கிட்ட ரவ ஒட்டுன மாதிரி இருக்கு."

போய்ப் பார்த்தேன். முட்டைகள். ஒன்றும் பொரிக்கவில்லை. தங்கச்சி புட்டுவைப் பிடித்துக்கொள்ள, பாட்டி பேன் சீப்பால் வாரி எடுத்தார். எனக்குச் சின்ன வயதில் அவர் பேன் பார்த்த அதே பொறுமை. ராத்திரி மூன்று தடவை எழுந்து பார்த்தோம். மறுநாள் காலையில் மருத்துவர் பார்த்தபோது, கடைவாய்ப்பல் ஒன்று கூராகி நாக்கில் குத்திக்கொண்டிருந்தது தெரிந்தது. அதனால்தான் புட்டு தன்னைச் சுத்தம் செய்யாமல் இருந்திருக்கிறது. பல்லைத் தேய்த்துவிட்டார்கள். நாலு நாளில் பழையபடி புல் தின்ன ஆரம்பித்துவிட்டது.

காடியில் திரும்பி வரும்போது பாட்டியிடம், "அன்னைக்கு நீங்க சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும் பாட்டி" என்றேன். இரண்டு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தது. பாட்டி புட்டுவின் காதைத் தடவிக்கொண்டே, "சரி, இனிமே கேளு" என்றார். அவ்வளவுதான்.

குழுவில் பேச

1. உங்கள் வீட்டுப் பிராணியைத் தினமும் பார்த்துக்கொள்வது உண்மையில் யார்? அவருக்கு எது சிரமம் என்று கேட்டிருக்கிறீர்களா?
2. பிராணியைப் பரிசாகக் கொடுப்பதற்கு முன் என்னென்ன யோசிக்க வேண்டும்? ஐந்து விஷயம் எழுதுங்கள்.
3. "ஒரு மாதிரியா இருக்கு" என்று பெரியவர்கள் சொன்னபோது நீங்கள் காதில் வாங்காமல் விட்டது ஏதாவது உண்டா?

இந்த வாரச் செயல்

முயல் இருந்தால் இன்று மாலையே திருப்பிப் பாருங்கள். நாள்காட்டியில் முதல் கோட்டைப் போடுங்கள். முயல் இல்லாதவர்கள், முயல் வளர்க்கும் ஒரு நண்பருக்கு இந்தப் பாடத்தைப் படித்துக் காட்டுங்கள்.